பதினோராவது கிலோமீட்டர்

காவல் நிலையத்தின் பின்பக்கத்தில் அந்த வெள்ளைக் கார் பன்னிரண்டு நாளாகச் சாரலில் நனைந்துகொண்டிருந்தது. இடதுபக்க முகப்பு உள்ளே போயிருந்தது. முன் கண்ணாடி நொறுங்கித் தொங்கியது. பின் சீட்டில் ஒரு புதுத் துண்டு கிடந்தது. அருவியில் குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்ள வாங்கியது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

"என்னலே, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? வேலையைப் பாரு" என்றார் ஆனந்தவள்ளி மேடம்.

"மழையில நனைஞ்சா மூஞ்சி தன்னால தொங்கும் மேடம். உங்களுக்குக் குடை இருக்கு, பேசுதீங்க."

மேடம் இருபத்திரண்டு வருடம் காக்கி போட்டவர். சப்-இன்ஸ்பெக்டராக இருந்தபோது, மேலே இருந்த ஒருவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டு வேலையை விட்டார். இப்போது தென்காசி டாக்சி ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். அங்கே உதவியாளன், டிரைவர், வசவு வாங்குபவன் எல்லாம் நான்தான். பெயர் அல்தாப். ஊர் கடையநல்லூர்.

எங்கள் ஊர்க்காரர்கள் வளைகுடாவுக்குப் போய் வீடு கட்டுவார்கள். நான் ஷார்ஜாவில் ஒன்பது வருடம் ஒரு கராஜில் கிடந்துவிட்டு இரண்டே இரண்டு சொத்தோடு திரும்பினேன். ஒன்று முதுகுவலி. இன்னொன்று தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்கேனர்.

எல்லாக் காரிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் இந்தத் தீப்பெட்டியைச் செருகினால், வண்டியின் கம்ப்யூட்டர் தன் வியாதிகளை என் போனுக்குச் சொல்லிவிடும். ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு கோடு நம்பர், அதாவது குறி எண், உண்டு. 'அழி' என்று ஒரு பொத்தானும் உண்டு. அதைத் தொட்டால் கோடு மறையும், டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் லைட்டும் அணைந்துவிடும். வியாதி போகாது, அது வேறு விஷயம். இந்தக் கைவேலைக்காக டாக்சி ஸ்டாண்டில் எனக்கு டாக்டர் என்று பட்டம் கொடுத்திருந்தார்கள்.

"மேடம், சீக்கிரம். இன்ஸ்பெக்டர் ஐயா வந்திருவாவ" என்று வாசல் பக்கம் பார்த்தபடி நின்றார் ஏட்டு உச்சிமாகாளி. மேடத்திடம் வேலை பழகியவர். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் எங்களை உள்ளே விட்டிருந்தார்.

"அந்தத் தங்கச்சி வாக்குமூலத்தை இன்னொரு தடவை வாசி" என்றார் மேடம்.

உச்சிமாகாளி காகிதத்தைக் குடைக்குள் நீட்டி வாசித்தார். "'ஏறுவதற்கு முன் என் அக்கா ஜெயசித்ரா டேஷ்போர்டை எட்டிப் பார்த்தாள். சென்ற வருடம் ஒரு வண்டி வழியில் நின்றுபோனதிலிருந்து அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. எந்த லைட்டும் எரியவில்லை. அதன் பிறகே ஏறினோம்.'"

ஜெயசித்ரா சிவகிரியில் டீச்சர். சீசன் தொடங்கிய இரண்டாவது சனிக்கிழமை தங்கையோடு பஸ்ஸில் தென்காசி வந்து, ஸ்டாண்டில் இந்த டாக்சியைப் பிடித்தார். ஐந்தருவி ரோட்டில் ஒரு இறக்கத்து வளைவில் வண்டி மருதமரத்தில் மோதியது. டீச்சர் அங்கேயே போய்ச் சேர்ந்தார். தங்கைக்குக் கை முறிந்தது. டிரைவர் செல்லப்பாவுக்கு நெற்றியில் ஆறு தையல் போட்டு, அப்படியே கொண்டுபோய் சப் ஜெயிலில் வைத்தார்கள்.

செல்லப்பா சொன்னது இவ்வளவுதான். வளைவில் இன்ஜின் தானாக நின்றுபோனது. ஸ்டியரிங் இறுகிவிட்டது. பிரேக்கை மிதித்தால் கல்லை மிதித்த மாதிரி இருந்தது. போலீஸ் சொன்னது அதைவிடச் சின்னது. டிரைவர் தூங்கிவிட்டான். வண்டியைச் சோதித்த அதிகாரியும் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஜாமீன் மனு வருகிறது. அதற்குள் கோளாறுக்கு ஒரு சான்று கிடைக்கவில்லை என்றால் செல்லப்பா வெளியே வர முடியாது. வழக்கு இப்படியே முடிந்தால் தண்டனையும் உண்டு, லைசென்ஸும் போய்விடும். நாற்பத்தாறு வயது. ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாத மனுஷன்.

ஸ்கேனரைச் செருகிச் சாவியைத் திருப்பினேன். போன் 'டிங்' என்றது. மேலே 'வண்டி 63' என்று வந்தது. கீழே பச்சை எழுத்தில், 'கோளாறு இல்லை.'

"அப்போ செல்லப்பா பொய்தான் சொல்லுதான்" என்றார் உச்சிமாகாளி.

"இருங்க அண்ணாச்சி. டாக்டர் இன்னும் நாக்கை நீட்டச் சொல்லல" என்று அடுத்த பக்கத்துக்குத் தள்ளினேன். அங்கே ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. "மேடம், இங்க பாருங்க. கோளாறை அழித்த பிறகு ஓடிய தூரம், பதினோரு கிலோமீட்டர்."

"அப்படின்னா?"

"எண்பத்து நாலாயிரம் ஓடின வண்டி மேடம் இது. ஆனா பதினோரு கிலோமீட்டருக்கு முன்னாலதான் பொறந்த மாதிரி பேசுது. யாரோ எல்லாத்தையும் அழிச்சிருக்கான். அழிச்சா இந்தக் கணக்கு பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும்."

"விபத்துக்குப் பெறகு, இங்க வச்சு அழிச்சிருந்தா?"

"பூஜ்யம்னு காட்டும். பேட்டரியைக் கழட்டியிருந்தாலும் பூஜ்யந்தான். கட்டி இழுத்துட்டு வந்த தூரம் இதுல சேராது. வண்டி தன் கால்ல கடைசியா நடந்தது பதினோரு கிலோமீட்டர். அதுக்கு முன்னால யாரோ துடைச்சுட்டான்."

"மோதுறப்போ இன்ஜின் நின்னிருந்தா அது பதிஞ்சிருக்கணும்லா?" என்றார் ஏட்டு.

"ஒரே தடவை தடுமாறினதை இந்தக் கம்ப்யூட்டர் நம்பாது அண்ணாச்சி. ரெண்டாவது தடவை வந்தாத்தான் லைட்டைப் போடும். ரெண்டாவது தடவைக்குத்தான் வண்டி இல்லையே."

மேடம் போனை வாங்கித் திரையை மேலிருந்து கீழ்வரை படித்தார். அவர் எதையும் அப்படித்தான் படிப்பார், பஸ் டிக்கெட்டைக்கூட. பிறகு திருப்பிக் கொடுத்தார்.

கிளம்பும்போது உச்சிமாகாளி என் தோளைத் தட்டினார். "எங்க ஜீப்லயும் ஒரு மஞ்ச லைட் எரியுது. ஏன்னு பாரேன்."

"எரியுத லைட்டை அணைக்கத்தான் அண்ணாச்சி எனக்குத் தெரியும். ஏன் எரியுதுன்னு கேட்டா கரண்ட் ஆபீஸ்லதான் கேக்கணும்."

ஏட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் சரக்கில் அது நல்ல சரக்கு, எங்கே எடுத்துவிட்டாலும் போகும். மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

குற்றாலிங்கத்தின் ஷெட் கடையநல்லூர் ரோட்டில் இருந்தது. அந்த வெள்ளைக் காரோடு சேர்த்து ஐந்து டாக்சி, பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஓடும் இரண்டு டெம்போ, எல்லாம் அவருடையவை. போகிற வழியில் நான் குஷியாக இருந்தேன். பதினோரு கிலோமீட்டர் பின்னால் போனால் இந்த ஷெட்தான் வரும் என்று என் கணக்கு. முதலாளி லைட்டை அணைத்து வண்டியை அனுப்பினார், டீச்சர் செத்தார், வழக்கு முடிந்தது.

எனக்கு இந்த வழக்கில் கொஞ்சம் தற்பெருமையும் இருந்தது. செல்லப்பாவின் மனைவி உலகம்மை முதல் நாள் ஆபீஸ் படியேறி வந்தபோது மேடத்தைக் கேட்கவில்லை. "அல்தாப் தம்பி இருக்க எடத்துக்குப் போன்னு எங்க வீட்டுல சொல்லிவிட்டாவ" என்றுதான் சொன்னாள். ஜெயில் வரைக்கும் நம் புகழ் போய்விட்டதே என்று நான் அன்றைக்கு மேடத்திடம் அளந்தேன். அதிலிருந்து உலகம்மை தினமும் காலையில் வந்துவிடுவாள். பீடி சுற்றுகிற முறத்தை, எங்கள் பக்கம் சொளகு என்பார்கள், மடியில் வைத்துக்கொண்டு எங்கள் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். ஏன் இங்கே வந்து உட்காருகிறாள் என்று நான் கேட்டதில்லை.

குற்றாலிங்கம் எங்களை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நெற்றியில் விபூதி, கையில் இரண்டு போன்.

"அந்த வண்டி நடுவழியில நிக்குதுன்னு செல்லப்பா ஒங்ககிட்ட சொன்னானா?" என்று மேடம் நேராகக் கேட்டார்.

"சீசன்ல டிரைவர்மார் ஆயிரம் சொல்லுவானுவ மேடம். முதுகு வலிக்குதும்பான், வண்டி இழுக்கலம்பான். எல்லாத்துக்கும் வண்டியை நிறுத்துனா நான் குற்றாலத்துல துண்டு விக்கத்தான் போகணும்."

"சொன்னானா, இல்லையா?"

"லைட் எரியுதுன்னு சொன்னான்."

"நீங்க என்ன சொன்னிய?"

"அணைச்சுட்டு ஓட்டுன்னேன். லைட் எரிஞ்சா வாரவங்க வண்டியில ஏற மாட்டக்காங்க. இந்த ஊர்ல எல்லாவனும் அப்படித்தான ஓட்டுதான்? நான் மட்டும் என்ன புதுசா?"

"யாரு அணைப்பா? நீங்களா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. அதுக்கு ஆள் இருக்கு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன்.

மேடம் எழுந்தார். ஷெட்டின் ஓரத்தில் மாலைகூடக் காயாமல் ஒரு புதுக் கார் நின்றது. "இது எப்ப எடுத்தது?"

"போன வாரம். வீட்டு உபயோகத்துக்கு."

"அல்தாபு, இதுல உன் தீப்பெட்டியை மாட்டிப் பாரு."

புது வண்டியில் என்ன இருக்கப்போகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே மாட்டினேன். 'டிங்'. 'வண்டி 118.' கோளாறு இல்லை. மேடம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, எடு. போவோம்" என்றார். அவ்வளவுதான்.

ஷெட் வாசலில் எங்கள் காரின் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கினேன். செல்லப்பா அன்றைக்குப் போன அதே வழியில் போனோம். ஷெட்டிலிருந்து ஸ்டாண்டு. அங்கே ஆள் ஏற்றியிருக்கிறான். பிறகு மேலகரம், குற்றாலம், ஐந்தருவி ரோடு. சீசன் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. எண்ணெய் தேய்த்த உடம்புகள், பலாச்சுளை வண்டிகள், ஒரு கையில் பஜ்ஜியும் மறுகையில் பிள்ளையுமாக ரோட்டைக் கடக்கும் குடும்பங்கள். இவர்களில் யாருக்கும் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் இங்கே ஒருத்தி செத்தாள் என்று தெரியாது. தெரிந்தாலும் குளிக்காமல் போகப்போவதில்லை.

மருதமரத்தில் பட்டை உரிந்த இடம் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. அதன் அடியில் நிறுத்தினேன். மீட்டரைப் பார்த்தேன்.

"பதினாலரை."

"மூணரை கிலோமீட்டர் கூட இருக்கு" என்றார் மேடம்.

"ஒருவேளை மீட்டர் குளிருல சுருங்கிட்டோ என்னவோ."

"சுருங்கல. ஷெட்டுல அழிக்கல. அங்க இருந்து கிளம்பி மூணரை கிலோமீட்டர் வந்த பெறகு அழிச்சிருக்கு. மீட்டரைத் திரும்பப் பூஜ்யமாக்கு. வண்டியைத் திருப்பு."

திருப்பினேன். குற்றாலத்தைத் தாண்டியபோது ஐந்து. மேலகரம் பக்கம் வந்தபோது எட்டு. மேடம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. ஆனால் ஒன்பதைத் தாண்டியதும் என் வாயும் நின்றுவிட்டது. முன்னால் வரப்போகிற ரோடு எனக்கு மனப்பாடம். பத்தே காலில் மேம்பாலம் தெரிந்தது. பத்தே முக்காலில் எங்கள் ஆபீஸ் போர்டு தெரிந்தது.

பதினொன்று விழுந்த இடத்தில் டாக்சி ஸ்டாண்டு இருந்தது. ஸ்டாண்டின் ஓரத்தில் மசூது பாய் டீக்கடை. கடைக்கு முன்னால் ஒரு பெஞ்ச்.

"நிறுத்து" என்றார் மேடம்.

"டீயா மேடம்?" என்று கேட்டேன்.

அந்த பெஞ்ச் என்னுடையது. சீசன் மூன்று மாதமும் காலை எட்டிலிருந்து ஒன்பது வரை நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். டிரைவர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். மஞ்சள் லைட் எரிகிற வண்டியில் வெளியூர்க்காரர்கள் ஏற மாட்டார்கள். வொர்க்‌ஷாப்புக்குப் போனால் ஒரு நாள் ஓட்டம் போய்விடும், முதலாளி விட மாட்டார். அதனால் என்னிடம் வருவார்கள். நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன். தீப்பெட்டியைத் தூக்கிப் போடுவேன். முதல் வண்டிக்காரன் செருகிவிட்டுக் கையைக் காட்டுவான். நான் ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு மறுகையால் 'அழி'யைத் தொடுவேன். அவன் பிடுங்கி அடுத்தவனிடம் கொடுப்பான். கைக்குக் கை போகும். கடைசியில் என் மடிக்குத் திரும்பி வரும். எந்த வண்டி என்று பார்த்ததில்லை. என்ன கோடு என்று படித்ததில்லை. எனக்குக் கூலி ஒரு டீயும் டாக்டர் பட்டமும்.

மேடம் பெஞ்சில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"காலையில ஸ்டேஷன்ல பாத்த வண்டிக்கு உன் போன் என்ன நம்பர் கொடுத்துது?"

"அது ஆப் தானா வைக்கிற பேரு மேடம். நான் அதெல்லாம்..."

"நீ படிக்க மாட்டேன்னு தெரியும். நான் படிச்சேன். அறுபத்து மூணு. ரெண்டு மணி நேரம் கழிச்சு அந்தப் புது வண்டிக்கு நூத்திப் பதினெட்டு. நடுவுல அம்பத்து நாலு வண்டி பாத்தியா?"

போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"புது வண்டின்னா புது நம்பர். பழைய நம்பர் வந்தா, அந்த வண்டியை உன் போன் ஏற்கெனவே பாத்திருக்கு. எடு. பழசு எல்லாம் அதுல இருக்கும்லா?"

இருந்தது. நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காத ஒரு பக்கம். வண்டி 63ஐத் தொட்டேன். அந்தச் சனிக்கிழமை, காலை 8.41. பி-0335. அழிக்கப்பட்டது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்குக் கீழே இன்னும் மூன்று வரி இருந்தது. அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு ஒன்று. ஐந்து நாள் முன்பு ஒன்று. பத்து நாள் முன்பு ஒன்று. நாலு தடவையும் அதே பி-0335. நாலு தடவையும் அழிக்கப்பட்டது.

"அது என்ன வியாதி?" என்று மேடம் கேட்டார்.

"கிராங்க் சென்சார். இன்ஜின் சுத்துதான்னு பாத்துச் சொல்லுத சாமான். அது சூட்டுல மக்கர் பண்ணினா ஓடுத வண்டி அப்படியே நின்னுரும். ஸ்டியரிங் இறுகும். ரெண்டு மிதிக்குப் பெறகு பிரேக்கும் இறுகிரும்."

"செல்லப்பா சொன்ன மாதிரியே."

"ஆமா."

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி நேரம்" என்றேன்.

மசூது பாய் இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்தார். மேடம் அவரைப் போகவிடவில்லை. "பாய், அந்தச் சனிக்கிழமை செல்லப்பா இங்க வந்தானா?"

பாய் என்னைப் பார்த்தார், ஸ்டாண்டைப் பார்த்தார், பிறகு டம்ளரைப் பார்த்தார். "வந்தாரு மேடம்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல. டிரைவர்மாரும் வாயைத் திறக்கல. தெரிஞ்சா போலீஸ் எல்லா வண்டியையும் புடிக்கும். சீசன் போயிரும்லா?"

"வந்து என்ன செஞ்சான்?"

"சாமானை மாட்டுனாரு. மாட்டிட்டு இவங்கிட்ட வந்து கேட்டாரு. 'தம்பி, நாலு தடவை ஆயிட்டு, இந்த லைட் ஏன் எரியுதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன், மொதலாளிகிட்ட காட்டணும்'னாரு."

"இவன் என்ன சொன்னான்?"

"அந்தக் கரண்ட் ஆபீஸ் கதைதான். ஸ்டாண்டே சிரிச்சிட்டு. அவரும் சிரிச்சுக்கிட்டேதான் போனாரு."

எனக்கு அது ஞாபகம் இல்லை. அதுதான் இன்றுவரை என்னால் தாங்க முடியாத விஷயம். எத்தனை யோசித்தாலும் செல்லப்பாவின் முகம் அந்த இடத்தில் வரமாட்டேன் என்கிறது. சிரிப்புச் சத்தம் மட்டும்தான் வருகிறது. ஒரு மனுஷன் சந்தேகப்பட்டு, பயந்து, கேட்டிருக்கிறான். நான் டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஷெட்லயே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுல்லா மேடம்? ஏன் என்னை இம்புட்டுத் தூரம் ஓட்ட வச்சீங்க?"

"நான் சொல்லியிருந்தா நீ ஒரு ஜோக் சொல்லியிருப்ப" என்றார் மேடம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "தெரிஞ்சு செஞ்சேன்னு நான் சொல்லல. தெரிஞ்சுக்கிடாம செஞ்ச. நாலு தடவை."

"குற்றாலிங்கம் என்ன ஆவாரு?"

"ஒண்ணும் ஆக மாட்டாரு. வண்டி கிளம்பும்போது லைட் எரியலம்பாரு. அந்தத் தங்கச்சியே சாட்சி. நீதான அணைச்ச?"

திரையில் அந்த நாலு வரிக்கும் கீழே ஒரு பொத்தான் இருந்தது. 'இந்த வண்டியின் பதிவுகளை அழிக்கவா?' எனக்கு நன்றாகப் பழகிய பொத்தான். மேடம் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் வாழ்க்கையில் டீக்கடை டம்ளரைக் கழுவி நான் பார்த்ததில்லை.

பொய் சொல்ல விரும்பவில்லை. கட்டைவிரல் அதன் மேல் போனது. அழித்தால் நான் தப்பினேன். வீட்டில் உம்மா இருக்கிறாள், கல்யாணத்துக்குத் தங்கை இருக்கிறாள், இந்த ஊரில் எனக்கென்று ஒரு பெஞ்ச் இருக்கிறது. செல்லப்பா தூங்கிவிட்டான் என்று கோர்ட் எழுதிக்கொள்ளும். ஏற்கெனவே பாதி எழுதியாகிவிட்டது. இந்த நாலு வரியைத் தவிர அந்தக் கோளாறுக்கு உலகத்தில் வேறு சாட்சி இல்லை.

கட்டைவிரலை எடுத்துவிட்டேன். போனை நிறுத்திச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். மேடம் திரும்பிப் பார்த்தார்.

ரோட்டைக் கடந்தேன். மாடிப்படியில், மூன்றாவது படியில், உலகம்மை சொளகும் இலையுமாக உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் பெஞ்ச் நேராகத் தெரியும். அதை அப்போதுதான் கவனித்தேன்.

"அக்கா" என்றேன். என் வாய்க்கு இப்படி ஒரு வறட்சி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். "அக்கா, அன்னைக்கு அந்த லைட்டை அணைச்சது நான்தான்."

அவள் கையிலிருந்த பீடியை முழுசாகச் சுற்றி, நூலைக் கட்டி, சொளகில் வைத்தாள்.

"தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"மொத நாளே சொல்லிட்டாவ. 'நானா அவன் பேரைச் சொன்னா காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிரும். அல்தாப் நல்ல பய, கூட இருக்க அம்மா நேர்மையான ஆளு. நீ போயி அவன் கண்ணுல படுத மாதிரி இரு, அவனா சொல்லிருவான்'னாவ. மறுநாளு பாக்கப் போனேன், 'சொல்லிட்டானா'ன்னாவ. அதுக்கு மறுநாளும் கேட்டாவ." இலையை எடுத்தாள். "பத்து நாளைக்கு மேல ஆன பெறகு கேக்குறதை விட்டுட்டாவ. நானும் இந்தப் படியில இருந்து தெனமும் பாக்கேன். நீங்க டீ குடிச்சிய, சிரிச்சிய, எல்லா வண்டிக்கும் லைட்டை அணைச்சிய."

எனக்குத் தெரியாது அக்கா, நான் லைட்டை அணைத்த வண்டி அது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது என்று சொல்ல வந்தேன். அதைச் சொல்வதைவிடக் கேவலம் வேறு இல்லை என்று தோன்றியது. பன்னிரண்டு நாளாக அந்த மனுஷன் என்னை அயோக்கியன் என்று நினைக்க மனசில்லாமல் காத்திருந்திருக்கிறான். நான் அயோக்கியன்கூட இல்லை. பார்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

மேடம் வண்டியைத் திருப்பி வாசலில் நிறுத்தினார். அன்றைக்கு அவர்தான் ஓட்டினார். உலகம்மை சொளகை மூன்றாவது படியிலேயே வைத்துவிட்டு வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். ஸ்டாண்டிலிருந்து ஒருவன், "டாக்டரே, நாளைக்குக் காலையில இருப்பியளா? இதுலயும் எரிய ஆரம்பிச்சிட்டு" என்று கத்தினான். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

ஸ்டேஷனில் உச்சிமாகாளி என்னைப் பார்த்ததும் சிரித்தார். "வாரும் டாக்டரே. ஜீப்பைப் பாக்கவா வந்திய?"

போனையும் தீப்பெட்டியையும் அவர் மேஜைமேல் வைத்தேன். மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உலகம்மையை உட்கார வைத்தார். ஏட்டின் சிரிப்பு மெதுவாக நின்றது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தேதியைப் போட்டார்.

"சொல்லு. என்ன நடந்துச்சு?"

"செல்லப்பா அண்ணாச்சி எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டாவ" என்று ஆரம்பித்தேன்.